கலங்கல்மானி: தெளிந்த நீரையும் நம்பாத கருவி

தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று குடித்துவிடுவது நம்மில் பலருக்கும் பழக்கம். ஊரில் புதுவெள்ளம் செந்நிறமாக வரும் நாட்களில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைப்பார்கள். இல்லாவிட்டால் படிகாரக் கட்டியை நீருக்குள் நாலு சுற்று சுற்றி எடுப்பார்கள். மறுநாள் காலையில் சேறெல்லாம் அடியில் தங்கியிருக்கும். மேலே தெளிந்ததை இறுத்துக் கொள்ளலாம். பெரிய நகரங்களின் நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் நடப்பதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். ஆனால் தெளிந்துவிட்டதா என்று முடிவு செய்யும் பொறுப்பை அங்கே கண்ணிடம் விடுவதில்லை. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஆங்கிலத்தில் டர்பிடிடி மீட்டர் என்பார்கள். நாம் கலங்கல்மானி என்று வைத்துக் கொள்வோம்.

நான் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறவன். குழாயில் பொருத்திய உணரிகள் அனுப்பும் எண்களை வாங்கி, எந்த வால்வைத் திறப்பது, எந்தப் பம்பை நிறுத்துவது, எப்போது மணி அடிப்பது என்று தீர்மானிக்கும் நிரல்கள் என் பிழைப்பு. வெப்பம், அழுத்தம், ஓட்டம் ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். கலங்கல் அப்படியல்ல. அது எதை அளக்கிறது என்பதே பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. தெரியாமல் அந்த எண்ணை நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1993ல் நடந்த ஒரு நிகழ்ச்சி சாட்சி. அதற்குப் போகுமுன் கருவியைப் பார்த்துவிடலாம்.

மெழுகுவர்த்தியிலிருந்து ஒளிச்சிதறல் வரை

இருட்டறைக்குள் ஓட்டு இடுக்கு வழியே வெயில் கீற்று விழும்போது, அதில் தூசுகள் மிதப்பது தெரியும். கீற்றுக்குப் பக்கவாட்டில் நின்று பார்க்கும் நம் கண்ணுக்குத் தூசு தெரியக் காரணம், அது ஒளியைத் திசைமாற்றிச் சிதறடிப்பதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் ஆராய்ந்த இந்த நிகழ்ச்சிக்கு டிண்டால் விளைவு என்று பெயர். கலங்கல்மானியின் தத்துவம் முழுவதும் இவ்வளவே. நீருக்குள் ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாக 90 பாகையில் ஓர் ஒளியுணரியை வைக்க வேண்டும். நீர் சுத்தமாக இருந்தால் பக்கவாட்டில் ஒளி வராது. துகள் கூடக் கூடச் சிதறி வரும் ஒளியும் கூடும்.

முதலில் வந்த கருவி இவ்வளவு நுட்பமானதல்ல. 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் விப்பிள், ஜாக்சன் என்ற இருவர் மெழுகுவர்த்தி முறையை வகுத்தார்கள். எரியும் வர்த்திக்கு மேல் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தி, மேலிருந்து பார்த்துக் கொண்டே நீரை ஊற்ற வேண்டும். சுடரின் உருவம் எந்த உயரத்தில் மறைகிறதோ அதுவே அளவு. சேற்று நீருக்கு இது போதும். 25 அலகுக்குக் கீழே போனால் சுடர் மறைவதே இல்லை என்பதால் குடிநீருக்கு உதவவில்லை.

1926ல் ஃபார்மசின் என்ற செயற்கைக் கலங்கல் அறிமுகமானது. இரண்டு வேதிப் பொருட்களைச் சேர்த்தால் பால் போல வெண்மையாகத் திரளும் ஒரு பாலிமர் அது. யார் தயாரித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும் என்பதால் அளவுகோலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்றைக்கும் கருவிகளை ஃபார்மசினையோ, அதற்கு இணையான கரைசலையோ கொண்டுதான் சரிபார்க்கிறார்கள். செங்குத்துச் சிதறலை வைத்து அளக்கும் அலகுக்கு என்.டி.யு. என்று பெயர். மனிதக் கண்ணுக்குக் கலங்கல் தெரியத் தொடங்குவது சுமார் 4 என்.டி.யு.வில். நல்ல வடிகட்டியிலிருந்து வரும் நீரோ 0.1க்கும் கீழே இருக்கும். நாம் தம்ளரைத் தூக்கிப் பார்த்துத் தரும் சான்றிதழின் மதிப்பு இதிலிருந்து விளங்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி அளப்பது அழுக்கின் எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையையும் அல்ல. சிதறிய ஒளியை மட்டுமே அளக்கிறது. துகளின் பருமன், வடிவம், நிறம் மாறினால் அதே எடையுள்ள அழுக்கு வேறு எண்ணைக் காட்டும். ஒளியின் நிறமும் முக்கியம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பழைய முறை டங்ஸ்டன் விளக்கின் வெள்ளொளியைக் கேட்கிறது. ஐ.எஸ்.ஓ. 7027 தரமோ 860 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைக் கேட்கிறது. அகச்சிவப்பை நீரின் பழுப்பு நிறம் அதிகம் விழுங்காது என்பது அதன் வசதி. ஒரே நீரில் இரண்டு கருவிகளும் வெவ்வேறு எண் காட்டினால் இரண்டில் ஒன்று பழுது என்று அவசரப்பட வேண்டியதில்லை.

பாலும் பீரும்

குடிநீருக்கு வெளியே இந்தக் கருவிக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு வேறு மாநிலம் போக வேண்டாம். விஸ்கான்சின் பாலுக்கும் பீருக்கும் பேர்போன இடம்.

பால் பதப்படுத்தும் ஆலையில் குழாய்களை அடிக்கடி கழுவியாக வேண்டும். கழுவி முடித்ததும் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டு பால் வரும். தண்ணீரைச் சாக்கடைக்கும் பாலைத் தொட்டிக்கும் அனுப்ப வேண்டும். வால்வை எந்த நொடியில் திருப்புவது? பழைய முறை கடிகாரம் வைத்துத் திருப்புவது. பாலில் தண்ணீர் கலந்துவிடக் கூடாதே என்று பத்து நொடி கூடுதலாக வைப்பார்கள். மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் குழாயில் பத்து நொடி என்றால் சுமார் 28 லிட்டர் பால் சாக்கடைக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் போகிறது. நஷ்டம் அதோடு நிற்பதில்லை. பாலைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராம் அளவில் இருக்கும். வீட்டுச் சாக்கடை நீருக்கு அது சில நூறுதான். ஆகவே கொட்டிய பாலைச் சுத்திகரிக்கவும் காசு கொடுக்க வேண்டும். குழாயில் கலங்கல் உணரி ஒன்றைப் பொருத்திவிட்டால் பால் வந்து சேர்ந்த அந்த நொடியிலேயே வால்வு திரும்பும். பால் மிக அடர்த்தியானது. அதில் 90 பாகை முறை எடுபடாது. எனவே பின்னோக்கித் திரும்பி வரும் ஒளியையோ, ஊடுருவிப் போகும் அகச்சிவப்பில் ஏற்படும் குறைவையோ அளக்கிறார்கள்.

பீர் வடிகட்டுவதில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே ஒரே உணரியில் இரண்டு கோணங்களை வைக்கிறார்கள். மிகச் சிறிய புரதத் துகள்கள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அவற்றை 90 பாகை உணரி பிடிக்கும். ஈஸ்ட், வடிகட்டும் மண் போன்ற பெரிய துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். அவற்றுக்கு 25 பாகையில் இன்னோர் உணரி. முன்கோண எண் திடீரென்று எகிறினால் வடிகட்டி கிழிந்து ஈஸ்ட் தப்பி வருகிறது என்று அர்த்தம். பீரை உடனே திருப்பி விட வேண்டும். 90 பாகை எண் மட்டும் மெல்ல ஏறினால் வடிகட்டியில் குற்றமில்லை, புரதம் சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். கோணம் மாறினால் அதே கலங்கல் வேறு கதை சொல்கிறது.

மில்வாக்கி, 1993

விஸ்கான்சினின் பெரிய நகரம் மில்வாக்கி. மிச்சிகன் ஏரியிலிருந்து நீரெடுக்கும் இரண்டு நிலையங்கள், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. 1993 மார்ச் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தெற்கு நிலையத்தின் சுத்திகரித்த நீரில் கலங்கல் கூடத் தொடங்கியது. வழக்கமாக 0.25க்குள் இருந்த எண், மார்ச் 28, 30 தேதிகளில் 1.7 என்.டி.யு.வைத் தொட்டது. முந்தைய ஆண்டுதான் அந்த நிலையம் படிகாரத்தை விட்டுவிட்டு, அலுமினியத்தின் இன்னொரு சேர்மத்துக்கு மாறியிருந்தது. அதன் அளவைக் கூட்டிப் பார்த்தும் கலங்கல் அடங்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடியும் படிகாரத்துக்கே திரும்பினார்கள்.

ஏப்ரல் 5 வாக்கில் மருத்துவமனை ஊழியர்களும், பள்ளி ஆசிரியர்களும், மாணவர்களும் வயிற்றுப்போக்கால் கூட்டம் கூட்டமாக விடுப்பெடுப்பது சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி நோயாளிகளிடம் உறுதியானது. அன்று மாலையே நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. 9ஆம் தேதி தெற்கு நிலையத்தை மூடினார்கள். நோய்வாய்ப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,03,000 பேர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயால் எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்தவர்கள்.

இந்த ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள கெட்டி ஓட்டுக்குள் ஒளிந்து நீரில் வரும். நிலையங்கள் சாதாரணமாகச் சேர்க்கும் குளோரின் அதை ஒன்றும் செய்யாது. எஞ்சிய ஒரே தடுப்பு வடிகட்டிதான்.

கலங்கல்மானி இந்தக் கிருமியைக் கண்டுபிடித்திருக்குமா? முடியாது. ஒரு லிட்டரில் பத்துக் கிருமிகள் இருந்தாலும் சிதறும் ஒளியில் தெரியும் மாற்றம் எதுவும் இராது. ஆனால் களிமண் துகள்கள் தப்பி வரும் ஓட்டை வழியே கிருமியும் தப்பி வரும். கலங்கல்மானி காட்டுவது கிருமியை அல்ல, வடிகட்டி என்ற மதில் நிற்கிறதா இடிந்ததா என்பதை. 1.7 என்ற எண் அந்த நாட்களில் அதைத்தான் சொல்லிக் கொண்டிருந்தது.

அதைவிட வேதனையானது, அந்த நீர் அன்றைய விதிகளின் வரம்பை மீறவில்லை என்பது. அங்கே தொடர்ந்து அளக்கும் கருவிகள் பயன்பாட்டில் இல்லை. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்துத்தான் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று எண்கள்.

எட்டு வடிகட்டிகளின் கணக்கு

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1998 டிசம்பரில் விதிகளைக் கடுமையாக்கியது. மாதத்தில் 95 சதவீத அளவீடுகள் 0.3 என்.டி.யு.வுக்குள் இருக்க வேண்டும், எப்போதும் 1ஐத் தாண்டக் கூடாது என்றது. என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான மாற்றம் இன்னொன்று. ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனித்தனியே கலங்கல்மானி வைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது பதிவு செய்ய வேண்டும் என்பது. நாளைக்கு மூன்று எண்கள் இருந்த இடத்தில் வடிகட்டிக்கு 96 எண்கள்.

ஏன் தனித்தனியே? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு நிலையத்தில் சம அளவு நீர் தரும் எட்டு வடிகட்டிகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஏழு வடிகட்டிகள் நன்றாக வேலை செய்து 0.1 காட்டுகின்றன. எட்டாவது கெட்டுப்போய் 1.5 காட்டுகிறது. எட்டும் சேர்ந்த பொதுக் குழாயில் கலங்கல் என்ன? ஏழு பத்தில் ஒன்றுகள் 0.7, அதோடு 1.5 சேர்த்தால் 2.2. எட்டால் வகுத்தால் 0.275. வரம்பு 0.3! பொதுக் குழாயில் மட்டும் கருவி வைத்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் ஊருக்குப் போகும் நீரில் எட்டில் ஒரு பங்கு இடிந்த மதில் வழியாக வந்தது.

சராசரி என்பது செய்தியைச் சுருக்கும், சமயத்தில் மறைத்தும்விடும். என் தொழிலில் அடிக்கடி வரும் ஒரு கோரிக்கை, "எச்சரிக்கை மணி ரொம்ப அடிக்கிறது, சராசரி எடுத்துக் குறைத்துக் கொடுங்கள்" என்பது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நீரில் ஒரு காற்றுக் குமிழி போனாலும் கருவி அதைத் துகள் என்றே எண்ணும். இரவு ஷிஃப்டில் பத்து முறை பொய்யாக மணி அடித்தால் பதினோராவது முறை யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் குமிழி கருவியைக் கடக்க எடுக்கும் நேரம் சில நொடிகள். வடிகட்டி கெட்டுப்போனால் அந்த நிலை நிமிடக் கணக்கில், மணிக் கணக்கில் நீடிக்கும். ஆகவே ஒரு நிமிட எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் குமிழி காணாமல் போகும், உண்மையான ஏற்றம் நிற்கும். ஒரு மணி நேரச் சராசரி எடுத்தால் குமிழியோடு உண்மையும் கரைந்துவிடும். இரண்டும் நிரலில் ஒரே ஒரு வரிதான். எந்த வரி என்பதில்தான் விஷயம்.

எண் பேசாத சமயங்கள்

கருவியிலிருந்து எண் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக வரும். கருவியை 0 முதல் 2 என்.டி.யு. வரை என்று அமைத்திருந்தால் 4 என்பது சுழி, 12 என்பது 1 என்.டி.யு., 20 என்பது 2. சுழிக்கும் 4 மில்லி ஆம்பியர் வைத்ததில் ஒரு சாமர்த்தியம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். "கலங்கலே இல்லை" என்பதும் "கருவியே இல்லை" என்பதும் வேறு வேறு என்று உடனே தெரியும்.

மேல் வரம்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கலங்கல் 2 ஆனாலும் 10 ஆனாலும் 20 மில்லி ஆம்பியரை ஒட்டியே நிற்கும். திரையில் 2 என்று அமைதியாக ஒரு நேர்கோடு ஓடும். அதே போல, பல மணி நேரமாக மூன்றாம் தசமத்தில்கூட அசையாத எண்ணும் சந்தேகத்துக்குரியது. உண்மையான நீர் சற்றேனும் அசையும். மாதிரிக் குழாய் அடைத்துக் கொண்டு, கருவிக்குள் பழைய நீரே தேங்கி நின்றால்தான் எண் அவ்வளவு ஒழுக்கமாக இருக்கும். நான் எழுதும் நிரல்களில் அதிக எண்ணுக்கு மணி வைப்பது போலவே அசையாத எண்ணுக்கும் ஒரு மணி வைப்பது வழக்கம்.

அடுத்தது தாமதம். வடிகட்டியிலிருந்து கருவிக்கு 30 மீட்டர் நீளத்தில், 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மாதிரிக் குழாய் போகிறது என்று கொள்வோம். அதற்குள் சுமார் 3.4 லிட்டர் நீர் நிற்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட விட்டால், திரையில் நாம் பார்ப்பது ஏறக்குறைய 7 நிமிடம் பழைய செய்தி. அதே குழாயை 6 மில்லிமீட்டராக்கினால் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

இதைவிடப் பெரிய தாமதம் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. படிகாரம் கலந்து, திரள் வளர்ந்து, தொட்டியில் படிந்து, வடிகட்டியைத் தாண்டிவர மணிக்கணக்காகும். கடைசியில் உள்ள கலங்கல்மானியைப் பார்த்து முதலில் சேர்க்கும் படிகாரத்தைத் தானியங்கியாகக் கூட்டிக் குறைத்தால் என்னாகும்? புது வீட்டுக் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருகி, சூடு வரவில்லையே என்று இன்னும் திருகி, பிறகு சுட்டதும் அலறி மூடுகிறோமே, அது போல மாறி மாறி அலையும். எனவே படிகார அளவை உள்ளே வரும் ஏரி நீரின் கலங்கலையும் ஓட்டத்தையும் கொண்டு முன்கூட்டியே கணிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வரிசையாகக் குடுவைகளை வைத்து வெவ்வேறு அளவில் கலக்கிப் பார்த்து அந்தக் கணிப்பைத் திருத்துகிறார்கள். பானையில் படிகாரத்தை எத்தனை சுற்று சுற்றுவது என்று பாட்டிமார் செய்த கணக்கின் தொழில்முறை வடிவம் அது.

வடிகட்டிக்குப் பின்னால் உள்ள கருவியின் வேலை வேறு. வடிகட்டியை எதிர்த்திசையில் கழுவி மறுபடி ஓட விட்டதும் சிறிது நேரம் கலங்கல் கூடுதலாக வரும். மணல் மறுபடி பழகும் வரை அந்த நீரை ஊருக்கு அனுப்பாமல் வெளியே விட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்திடம் கேட்காமல் கலங்கல்மானியிடம் கேட்கலாம். எண் ஏறத் தொடங்கினால் அந்த வடிகட்டியை மட்டும் நிறுத்தலாம். இங்கே தாமதம் குறைவு, செயல் எளிது. தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு உகந்த இடம் இதுவே.

மில்வாக்கி பாடம் கற்றுக்கொண்டது. ஏரிக்குள் நீரெடுக்கும் குழாயை இன்னும் தூரம் நீட்டினார்கள், வடிகட்டிகளைப் புதுப்பித்தார்கள், 1998ல் இரண்டு நிலையங்களிலும் ஓசோன் முறையைக் கொண்டு வந்தார்கள். குளோரினுக்கு அசையாத அந்த ஒட்டுண்ணியை ஓசோன் கொல்லும். ஒரு மதிலோடு இன்னொரு மதில்.

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர்க் குடிநீர் நிறுவனம் ஆண்டுதோறும் தரமான நீர் தருகிறோம் என்று ஓர் அறிக்கை வெளியிடும். பெரும்பாலோர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறோம். உங்கள் நீர் ஏரியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வந்து வடிகட்டப்படுவதானால் அதில் கலங்கல் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆண்டின் மிக உயர்ந்த ஒற்றை அளவு என்ன, வரம்புக்குள் இருந்த சதவீதம் மிகக் குறைவாக இருந்த மாதத்தில் அது எவ்வளவு என்று அங்கே போட்டிருப்பார்கள். முதல் எண்ணைப் பாருங்கள், அது சராசரி அல்ல. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க: இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி குடிநீரில் ஏற்கத்தக்க கலங்கல் 1 என்.டி.யு. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 5 வரை அனுமதி. மில்வாக்கியில் நான்கு லட்சம் பேர் படுத்தபோது உச்ச அளவு 1.7 என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் ஊர் நிலையத்தில் எத்தனை வடிகட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மானி உண்டா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிறார்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் எதுவும் தேவையில்லை.